பச்சைமலைக்குப் போன இரண்டு சைக்கிள்கள்

“இந்த வயசுல சைக்கிளா?”

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. பால்காரர் கேட்டார். பூக்காரம்மா கேட்டாள். எதிர்வீட்டு மாமி கேட்கவில்லை, ஆனால் நான் மிதித்துக்கொண்டு போகும்போதெல்லாம் கோலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். என் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அதுவும் ஒரு கேள்விதானே!

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சைக்கிள் எனக்குப் புதிதல்ல. கீரனூருக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. சின்ன வயதில் மணிக்கு ஐம்பது காசு வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, கால் எட்டாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத் தெருவையே கலக்கியவள் நான். வயதுக்கு வந்த நாளோடு அது நின்றது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. “இனிமே வேண்டாம்மா” என்று பாட்டி சொன்னாள். அவ்வளவுதான். அண்ணன் அப்புறமும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் 1991, 92-ஆம் வருஷங்களில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னால் நின்றார். வயல் வேலை செய்கிறவர்கள், கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி, அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி என் அம்மா. பேத்தி பிறக்கிற வயதில் அம்மா மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். நானோ அதற்குள் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. என் கடைக்குட்டிக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அவள் படிப்பை முடித்து வேலைக்குச் சென்னை போய்விட்டாள். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். “தினமும் நடங்க.” நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்றேன். “அப்போ சைக்கிள் மிதிங்க. உடம்போட பாரம் முழுக்க முட்டியில விழாது” என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் சைக்கிளை வெளியே இழுத்தேன். இரண்டு டயரும் பல்லிளித்தன. டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொடுத்தார் கடைக்காரர். “யாருக்கும்மா, பேத்திக்கா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு நாற்பத்தேழு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் கணவரை இழந்து எங்களோடு இருக்கிறாள். வந்த நாளிலிருந்து சமையலறை, பூஜையறை, கொல்லை, வாசல்பக்கம் வரமாட்டாள். காய்கறி வண்டி வந்தாலும் உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். காலை ஐந்து மணிக்கு உத்திர வீதியில் நான் தடுமாறித் தடுமாறி ஓட்டிப் பழகும்போது ஒரு நாள் கூட வரச்சொன்னேன். “சீட்டைப் பிடிச்சுக்க ஆள் வேணும், வா.” வந்தாள். பத்து நாள் என் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். பதினோராம் நாள், “அண்ணி, நான் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கட்டா?” என்றாள்.

அவளுக்கு ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கினோம். ஊரார் வாய் சும்மா இருக்குமா? “புருஷன் போனவ பண்ற காரியமா இது?” என்று ஒரு குரல் எங்கள் காதிலேயே விழுந்தது. அன்று அவள் சைக்கிளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அடுத்த நான்கு நாள் தொடவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நமக்கு முதலில் வேண்டியது நல்ல சைக்கிள் அல்ல, நல்ல ரோடு. பின்னாலிருந்து லாரி ஹார்ன் அடிக்காத ரோடு. முன்னாலிருந்து யாரும் முறைத்துப் பார்க்காத ரோடு.

என் அண்ணன் மகன் பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். போனில் இந்தக் கதையைச் சொன்னேன். “அத்தை, இங்கே அதுக்குன்னே பாதை போட்டு வச்சிருக்காங்க” என்றான். அவன் ஊருக்கு வடக்கே ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளுனி என்ற ஊர் வரை, ஓடாமல் போன ரயில் பாதையில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 1997-இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் வழி விட்டார்களாம். மோட்டார் வண்டி நுழையக் கூடாது. அந்த நாட்டில் அந்த மாதிரி முதல் பாதை அது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். இப்போது நாடு முழுக்க அப்படிப் பாதைகள். லுவார் நதியை ஒட்டியே சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிளில் போகலாமாம். கைக்குழந்தையைச் சின்ன இழுவண்டியில் உட்கார வைத்துப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாமார்கள் சாவகாசமாகப் போகிற போட்டோக்களை அனுப்பியிருந்தான். அந்தப் பாதைக்கு அவர்கள் மொழியில் ‘வுவா வெர்த்’ என்று பெயர். பச்சைப் பாதை என்று அர்த்தம்.

பச்சைப் பாதை அவர்களுக்கு இருந்தால் பச்சைமலை நமக்கு இல்லையா? நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். நாத்தனார் சட்டென்று, “அங்கே நம்மளைத் தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்கதானே அண்ணி?” என்றாள்.

தையும் பனியுமாக இருந்த ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். பொங்கல் கழிந்த சமயம். திருச்சியிலிருந்து துறையூர் வரை சைக்கிளில் போகலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸும் லாரியும் அடித்துக்கொண்டு போகிற ரோடு அது. தெருக்கோடியில் குட்டியானை வைத்திருக்கும் தம்பியைப் பிடித்து, சைக்கிள் இரண்டையும் பின்னால் ஏற்றி, சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டினோம். பெயின்ட் உரசாமல் இருக்கச் சாக்கு அவசியம். நாலரை மணிக்குக் கொள்ளிடம் தாண்டினோம். நம்பர் ஒன் டோல்கேட், அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனையோடு மண்ணச்சநல்லூர், அப்புறம் துறையூர். பெருமாள்மலை உச்சியில் கோவில் விளக்கு தெரிந்தது, உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொண்டோம். சோபனபுரம் வந்ததும் மலை எதிரே நின்றது.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் கொல்லிமலைக்குக் கிழக்கே இருப்பது பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டத்துக்கும் பொதுச்சொத்து. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமில்லை; மேல்தளம் 500 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை. அதனால்தான் பெரிய ஓட்டல்காரர்கள் கண்ணில் படாமல் தப்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்வெட்டர் போடுகிற குளிர் இல்லை; முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற குளிர்.

மலைப்பாதையில் வண்டியிலேயே ஏறினோம். கியர் இல்லாத சைக்கிளில் அந்த வளைவுகளில் ஏற நாங்கள் என்ன பந்தய வீராங்கனைகளா? மேலே டாப் செங்காட்டுப்பட்டியில் சைக்கிள்களை இறக்கி, காற்றைப் பார்த்து, டீ குடித்து, “நாங்க போயிட்டு மத்தியானம் வந்துடுவோம், ரெண்டு பொம்பளைங்க” என்று டீக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தோம். இது முக்கியம். அமைதியான ரோடு வேறு, பத்திரமான ரோடு வேறு. நாம் எந்தப் பக்கம் போயிருக்கிறோம் என்று அந்த ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது.

அப்புறம் மிதிக்க ஆரம்பித்தோம்.

எப்படிச் சொல்வது! ரோடு சமதளமும் இல்லை, செங்குத்தும் இல்லை. தாலாட்டுகிற மாதிரி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஒருபக்கம் ஆளுயர மரவள்ளிச் செடி, மறுபக்கம் முந்திரித் தோப்பு. முந்திரி பூத்திருந்தது. சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூ. அதற்கு ஒரு மெல்லிய வாசனை உண்டு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தெரியாது. பலா மரங்களில் அடிமரத்தை ஒட்டிக் கட்டைவிரல் பருமனில் பிஞ்சு விட்டிருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் எங்களைக் கடந்த வண்டிகளை நாத்தனார் எண்ணினாள்: மூன்று மோட்டார் சைக்கிள், கிழங்கு மூட்டை ஏற்றிய ஒரு லாரி. அந்தக் கிழங்கெல்லாம் ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் நம் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசியாகத் திரும்பி வருகிறது. லாரி டிரைவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனார்.

இந்த ரோடு ஏன் இவ்வளவு அமைதி என்று யோசித்துப் பார்த்தேன். இது வேறு ஊருக்குப் போகிறவர்கள் குறுக்கே புகுந்து போகிற வழியல்ல. மலைக்கு வந்தவர்கள்தான் மலைமேல் போவார்கள். இந்த ரகசியத்தை வைத்து உங்கள் ஊரிலேயே நீங்களும் தேடிப் பார்க்கலாம். கடைசி ஊரோடு முடிந்துபோகிற ரோடு, பஸ் எண்ணிக்கை குறைவான ரோடு, ஆற்றங்கரைப் பாதை, வாய்க்கால் கரை. எங்களுக்கு ஸ்ரீரங்கத்திலேயே மேலூர்ப் பக்கம் வாழைத்தோட்டத்து நடுவே அப்படி ஓர் இடம் இருக்கிறது. இத்தனை வருஷம் அது சைக்கிள் விடுகிற இடம் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்!

ஒரு மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளினேன். நாத்தனார் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தாள். பாதியில் அவளும் இறங்கிவிட்டாள். பிரான்ஸில் சைக்கிள் சுற்றுலாவுக்கே தகப்பனார் என்று கொண்டாடப்படும் போல் தெ விவி என்பவர் (1853-இல் பிறந்து 1930-இல் காலமானவர்) சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்குச் சில நெறிகள் வகுத்துவைத்தார். தாகம் எடுக்கும் முன்பே குடி, பசிக்கும் முன்பே கொஞ்சமாகச் சாப்பிடு என்பது ஒன்று. பகட்டுக்காக மிதிக்காதே என்பது இன்னொன்று. இதைச் சொன்னதும் நாத்தனார், “அப்போ இறங்கித் தள்ளுறதுல தப்பில்லை” என்று சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அதே மேட்டின் மறுபக்கம் இறங்கும்போதுதான் அவள் செயின் கழன்றது. கறுப்பு எண்ணெயை விரலில் அப்பிக்கொண்டு இருவரும் விழித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளில் வந்தாள். என் மகளுடையது மாதிரியே அரசாங்கம் கொடுத்த சைக்கிள். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு குச்சியால் செயினைத் தூக்கிப் பல்சக்கரத்தில் கோத்து, பெடலைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. “வீட்டுல வந்து கை கழுவிக்கங்கம்மா” என்று அழைத்துப்போனாள்.

இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்ட கதையை அவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா முந்திரிக்காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்த் துவையலும் வந்தன. (எனக்கு ஆகாததுதான். இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். நாத்தனார் நிறுத்தவில்லை.)

“பஸ்ஸு கிடைக்கலையாக்கா? சைக்கிள்லயா வந்தீங்க?” என்று கேட்டார்.

“வேணும்னுதான் சைக்கிள்ல வந்தோம். வண்டியே இல்லாம ரோடு எவ்வளவு நல்லா இருக்கு!” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்களுக்கு நல்லா இருக்குதுக்கா. இவளைப் பெக்கறப்ப ராத்திரி வண்டி கிடைக்காம விடிய விடிய வலியோட கிடந்தேன். எங்கம்மா காலத்துல டோலி கட்டித் தூக்கிட்டு இறங்குவாங்களாம். இப்ப 108 வருது. இருந்தாலும் மழைக்காலத்துல வந்து சேர்ற வரைக்கும் வயித்துல நெருப்புதான்.”

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நான் புகழ்ந்துகொண்டிருந்த அமைதி, இன்னொரு பெண்ணுக்கு விடிய விடிய வலி. பிரான்ஸில் ரயில் ஓடி முடிந்த பிறகு அந்த வழியைச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். இங்கே பஸ்ஸே போதுமான அளவுக்கு வரவில்லை. இரண்டு அமைதியும் ஒன்றல்ல. நான் பேச்சை மாற்றத் தெரியாமல் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளே மாற்றினார். நாத்தனாரிடம், “உங்க வீட்டுக்காரர் வரலையா?” என்றார்.

“அவர் இல்லை. ரெண்டு வருஷமாச்சு” என்றாள் நாத்தனார்.

“எனக்கு ஏழு வருஷம்” என்றார் அவர். அவ்வளவுதான். தலையைத் தடவவில்லை, ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு துண்டு கிழங்கை எடுத்து அவள் தட்டில் வைத்தார். கிளம்பும்போது, “சீட்டு ரொம்பத் தாழ இருக்குதே, முட்டி நோவுமே” என்று நாத்தனாரின் சைக்கிளைப் பார்த்து அந்தப் பெண் சொல்ல, பக்கத்து வீட்டிலிருந்து ஸ்பேனர் வந்து சீட்டு இரண்டு அங்குலம் உயர்ந்தது.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. மங்களம் அருவியை இந்தத் தடவை பார்க்கவில்லை. தண்ணீர் நிறையப் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்த பிறகு போக வேண்டும். ஆனால் அப்போது ரோடு வழுக்கும். சைக்கிளுக்குத் தையும் மாசியும்தான் ஜோர். இரவு தங்க நினைப்பவர்கள் வனத்துறை விடுதிக்குத் திருச்சி வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். மேலே எவ்வளவு ஓட்டினாலும் சரி, மலையிலிருந்து கீழே சைக்கிளில் இறங்காதீர்கள். இறக்கம் நீளமாக இருந்தால் பிரேக் கட்டை சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். மேலேயே வருகிற சின்ன இறக்கங்களில்கூடப் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் குப்புறத் தள்ளும். நாங்கள் குட்டியானையிலேயே இறங்கினோம். உடைக்குப் பருத்திச் சுடிதார்தான் சௌகரியம். வலது கால் பக்கம் துணியைக் கிளிப்பால் கவ்வவிட்டால் செயினில் மாட்டாது. சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே விட்டால் கால் ஏறக்குறைய நீள வேண்டும், முழங்கால் லேசாக மடிந்திருந்தால் போதும். சீட்டு தாழ்ந்திருந்தால் முட்டிவலிக்கு நாமே பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. பிள்ளை பெற்றவர்கள் ஆறு வாரப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு ஏறுங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும். உப்புப் போட்ட மோர் இரண்டு பாட்டில், கடலைமிட்டாய், பம்ப், ஒரு துணி. எங்கள் மூட்டை இவ்வளவுதான். அடுத்த தடவை ஒரு ஸ்பேனரும் உண்டு.

ஸ்ரீரங்கம் வந்து சேர இருட்டிவிட்டது. குட்டியானைத் தம்பி சைக்கிள்களை வீட்டு வாசலில் இறக்கினான். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. முன்பென்றால் நாத்தனார் முதலில் உள்ளே ஓடியிருப்பாள். அன்று வாசலிலேயே நின்று, கயிற்றை அவிழ்த்து, சாக்கை உதறி மடித்தாள். எதிர்வீட்டு மாமி கேட்டார், “எங்கேம்மா போயிட்டு வரீங்க?”

“பச்சைமலைக்கு மாமி. சைக்கிள் விட” என்றாள் அவள்.

மாமி கொஞ்சம் யோசித்தார். “அங்கே முந்திரிப்பருப்பு விலை கம்மியாமே? அடுத்த தடவை எனக்கும் கால்கிலோ வாங்கிண்டு வாயேன்” என்றார்.